படிவத்தில் ஒரு வரி: மனநல ஆலோசகர்களுக்கும் சமூக நல அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களே, ஆலோசகர்களே, சமூக நல அலுவலர்களே,

வணக்கம்.

ஒரு மூடிய குழுவுக்குள் 11 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, 9 ஆண்டுகளுக்கு முன் வெளியே வந்தவள் நான். அந்தக் குழுவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இது அவர்கள் மேல் புகார் மனு இல்லை. தவிர, என் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வெளியே வருகிற ஒருவர் முதலில் வந்து உட்காருவது உங்கள் மேசைக்கு முன்னால்தான். அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வந்து உட்கார்ந்தது மூன்றாம் நாள். தங்க இடம் கேட்டு ஒரு நல அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் என்ற இடத்திலேயே கை நின்றுவிட்டது. உள்ளே எனக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பெற்றோர் வைத்த பெயரை 11 ஆண்டுகளாக நான் எழுதவே இல்லை. முகவரி என்ற இடத்தில், இரண்டு வாரம் மட்டும் இருந்துகொள் என்று சொல்லியிருந்த பழைய தோழியின் வீட்டை எழுதினேன். தொழில், அனுபவம் என்ற இடங்களை அப்படியே விட்டேன். உள்ளே கணக்கு எழுதியிருக்கிறேன், நூறு பேருக்குச் சமைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எதற்கும் ஒரு சம்பளச் சீட்டு கிடையாது.

கடைசியில் ஒரு வரி இருந்தது. "அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்." பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. அதை நிரப்பாமல் படிவத்தை வாங்க மாட்டார்கள். எனக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது, என் தங்கை பெயர். நான் வாசலைத் தாண்டிய அன்றே, என்னோடு பேசக்கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ஆனாலும் அவள் பெயரை எழுதி, பக்கத்தில் மனதுக்கு வந்த ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த அலுவலர் நல்லவர். தண்ணீர் கொடுத்தார். படிவத்தைப் பார்த்துவிட்டு ஆதங்கத்தோடு கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு படிச்சிருக்கீங்க, எப்படிம்மா போய் மாட்டினீங்க?"

அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும். எனக்கோ அன்று ராத்திரிக்குத் தங்க இடம் வேண்டும்.

இனி வருகிறவர்களிடம் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காக, என் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். இப்படிப்பட்ட குழு என்று தெரிந்து யாரும் அதில் சேருவதில்லை. துக்கத்திலோ குழப்பத்திலோ இருக்கும்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிற நான்கு பேரோடு சேருகிறோம். அது தியான வகுப்பாக இருக்கலாம், வேத பாடமாக இருக்கலாம், அரசியல் படிப்பு வட்டமாக இருக்கலாம், ஆளுமைப் பயிற்சி முகாமாகவும் இருக்கலாம். எனக்கு அப்பா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. முதலில் வார இறுதி மட்டும் போனேன். பிறகு தினமும் சாயங்காலம். பிறகு அலைச்சல் குறையுமே என்று அங்கேயே குடிபோனேன். பிறகு சம்பளம் பொதுக் கணக்குக்குப் போனது, பிறகு வேலையையே விட்டேன். ஒவ்வொரு படியும் முந்தைய படியை விட ஓர் அங்குலம்தான் உயரம். தூக்கம் நாலு மணி நேரமாகச் சுருங்கியபோது, அதை யாரும் என்னிடமிருந்து பறித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நானே விட்டுக் கொடுத்ததாகத்தான் தோன்றியது, அதில் ஒரு பெருமையும் இருந்தது.

1950களில் சீனச் சிறைகளில் "சிந்தனைத் திருத்தத்துக்கு" ஆளாகி ஹாங்காங் வந்து சேர்ந்தவர்களை, அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் நேரில் சந்தித்து ஆராய்ந்தார். மனதைப் பிடிக்குள் வைக்கும் சூழலுக்கு 1961-ல் அவர் வகுத்துச் சொன்ன எட்டுக் கூறுகளை நான் வெளியே வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் படித்தேன். என் வீட்டு வரைபடத்தை எவரோ கையில் கொடுத்தது போல இருந்தது. தகவல் உள்ளே வரும் வழிகளையெல்லாம் அடைப்பது, குற்றங்களை ஒப்புக்கொள்ள வைப்பது, சொந்த அனுபவத்துக்கும் கோட்பாட்டுக்கும் முரண் வந்தால் அனுபவம்தான் தவறு என்று நம்ப வைப்பது எல்லாம் அதில் இருந்தன. சிறை வேண்டாம், காவலாளி வேண்டாம், மதம்கூட வேண்டாம். இந்த ஏற்பாடு போதும்.

அந்த எட்டில் மொழியைப் பற்றியும் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். மொழி மட்டும் நம்மோடு கூடவே வெளியே வரும். எங்களுக்கு வீட்டு நினைப்பு வந்தால் அதற்கு "பழைய வாசனை" என்று பெயர். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், "எனக்குப் பழைய வாசனை அடிக்கிறது" என்று சொல்ல வேண்டும். சொன்னவுடன் சுற்றி இருப்பவர்கள் பிரார்த்தனை செய்வார்கள். அம்மா என்ற சொல் வராமலேயே அம்மாவைப் பற்றிய ஏக்கம் ஒரு நோயாகிவிடும். வெளியே வந்து எட்டு மாதம் கழித்து, தோழியின் வீட்டில் பழைய துணிப் பெட்டியைத் திறந்தபோது அவள் சாதாரணமாக, "சே, என்ன ஒரு பழைய வாசனை" என்றாள். நான் மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கையில் பிடித்திருந்த வாளித் தண்ணீர் கால் மேல் வழிந்ததுகூடத் தெரியவில்லை. அந்தச் சில நிமிடம் நான் உள்ளே இருந்தேன்.

இதற்கு உங்கள் துறையிலேயே பெயர் இருக்கிறது, மிதத்தல் என்று. உளவியலாளர் மார்கரெட் சிங்கர் 1970களில் இத்தகைய குழுக்களை விட்டு வந்த இளைஞர்களைக் கூட்டாகச் சந்தித்துப் பேசி, 1979-ல் அவர்களுடைய சிரமங்களை எழுதினார். மனச்சோர்வு, தனிமை, சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாத திணறல், திடீரென்று பழைய மயக்க நிலைக்குள் நழுவிவிடுவது, எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற கூச்சம். அவர் எழுதி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஒவ்வொருவரும் உங்கள் அறைக்கு வந்து, "எனக்குப் பைத்தியம் பிடிக்குதா டாக்டர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில், நீண்டகாலம் தீவிரமாக வற்புறுத்தி மனம் மாற்றப்பட்டதால் வரும் அடையாளக் குலைவு, விலகல் நோய்களின் (நினைவும் அடையாளமும் தன்னிலிருந்து பிரிந்துபோகும் நோய்களின்) கீழ் ஓர் எடுத்துக்காட்டாகவே இடம்பெற்றிருக்கிறது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல், சிக்கலான அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. தப்பிக்க வழியில்லாமல் நீண்ட நாள் ஆளுகைக்கு உட்பட்டிருந்தவர்களுக்கு வருவது அது. ஆக, எழுதிக்கொள்ள உங்களிடம் சொல் இல்லை என்பதில்லை. வந்தவர் எங்கே இருந்து வருகிறார் என்று தெரிந்தால்தானே அந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்? முதல் சந்திப்பில் மது, புகை, தூக்கம், குடும்பத்தில் நோய் என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். அதோடு இன்னும் ஒன்று கேளுங்கள்: "யாரை பார்க்கணும், என்ன படிக்கணும், எப்ப தூங்கணும்னு வேறு யாராவது முடிவு பண்ற இடத்தில எப்பவாவது இருந்திருக்கீங்களா?" குழு, மதம் என்ற சொற்களே அதில் வேண்டாம். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இனி நான் இந்த மடலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கிடைத்த முதல் ஆலோசகர் அக்கறை உள்ளவர். தினமும் நாட்குறிப்பு எழுதி, வாரம் ஒருமுறை கொண்டு வந்து காட்டச் சொன்னார். ஒரு நாள் தவறாமல் எழுதினேன். காலையில் எழுந்ததும் நடக்கச் சொன்னார், நடந்தேன். அம்மாவுக்குக் கடிதம் போடச் சொன்னார், போட்டேன். எந்த அறையை வாடகைக்கு எடுப்பது என்று கேட்டேன், ஒன்றைச் சொன்னார், அதையே எடுத்தேன். "இவ்வளவு ஒழுங்கா ஒத்துழைக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை. ரொம்ப நல்ல முன்னேற்றம்" என்றார். ஐந்து மாதம் இப்படிப் போனது.

குழுவில் எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருந்தது. அன்றன்று மனதில் தோன்றிய பலவீனங்களை எழுதி, வாரம் ஒருமுறை பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும். சந்தேகமும் ஒரு பலவீனம்தான். எதை எழுதினால் அவர் முகம் மலரும், எதை எழுதினால் சுருங்கும் என்று 11 ஆண்டுகளில் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. அந்த ஆலோசகருக்கு நான் எழுதியதும் அதே நோட்டுதான். அவர் முகம் மலர்கிற மாதிரி எழுதினேன். நான் குணமாகவில்லை. பொறுப்பாளரை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. உள்ளே எனக்கு ஒரு நோட்டு இருந்தது என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் இதைப் படிக்கிற உங்களுக்கு இனித் தெரியும். எங்களைப் போல ஒருவர் வந்து, நீங்கள் சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தால், தயவுசெய்து மகிழ்ச்சி அடையாதீர்கள். கீழ்ப்படிதல்தான் எங்கள் நோய். அது வெளியிலிருந்து பார்க்க ஆரோக்கியம் போலவே இருக்கும்.

இரண்டாவதாகப் போன ஆலோசகரின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. எங்கே உட்கார என்று கேட்டேன். "உங்களுக்கு எது சரியா இருக்கோ அதுல உட்காருங்க" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஜன்னல் பக்கம் இருந்ததில் உட்கார ஆசை. ஆனால் அது அவருடையதாக இருக்குமோ, இது ஒரு சோதனையோ, தவறானதில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவர் உதவிக்கு வரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தேன், வேண்டுமானால் எழுந்து ஓடிவிடலாம் என்று. "கதவு பூட்டலை. நடுவுல எழுந்து போகணும்னா போகலாம், காரணம் சொல்ல வேண்டாம்" என்றார். பிறகு தான் என்ன முறையில் வேலை செய்கிறார், எதற்காக ஒரு கேள்வியைக் கேட்பார், என் கோப்பை யார் யார் பார்க்க முடியும், எப்படிப் புகார் கொடுக்கலாம், வேறு ஆலோசகரிடம் போக நினைத்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னார். தன்னைத் தாண்டிப் போகிற வழியைத் தானே காட்டிய முதல் மனிதர் அவர்தான்.

ஏழாவது மாதம் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு, "இதைப் பத்திப் பேச எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டே இருந்தேன். அவர் "சரி" என்றார். அடுத்ததைக் கேட்டார். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், வழியெல்லாம் அழுதுகொண்டு. உங்கள் குறிப்பேட்டில் முன்னேற்றம் என்று ஏதாவது எழுத வேண்டுமானால் அப்படிப்பட்ட நாளில் எழுதுங்கள்.

நல்ல எண்ணத்தோடு செய்கிற உதவியும் அதே கட்டுப்பாட்டின் உருவத்தை எடுத்துவிடும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில், குழுக்களில் சேர்ந்துவிட்ட வயதுவந்த பிள்ளைகளைப் பெற்றோர்கள் ஆள் வைத்துக் கடத்தி, அறையில் பூட்டி, நாள் கணக்கில் வாதாடி மனம் மாற்றப் பார்த்தார்கள். சிலர் வெளியே வந்தார்கள். வேறு சிலர் இன்னும் ஆழமாக உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்களிலும் கடத்தலின் காயத்தைச் சுமந்தவர்கள் உண்டு. 1995-ல் ஒரு நடுவர் மன்றம், அப்படிப் பிடித்து வைக்கப்பட்ட இளைஞர் ஒருவருக்குப் பல லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு, சம்மதத்தோடு மட்டுமே பேசுவது என்ற வழி வலுப்பட்டது. பெற்றோர்கள் இன்றும் உங்களிடம் வந்து, "எப்படியாவது இழுத்துட்டு வந்துடுங்க" என்று கெஞ்சுவார்கள். அவர்கள் வலி எனக்குப் புரியும். என் அம்மாவும் அப்படிக் கெஞ்சியவர்தான். அவர்களுக்கு நீங்கள் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: வாதம் செய்யாமல் தொடர்பை மட்டும் விடாமல் வைத்திருங்கள். அம்மா ஆண்டுக்கு இரண்டு அட்டை அனுப்புவார். குழுவைப் பற்றி ஒரு சொல் இருக்காது. செடி பூத்தது, கண்ணுக்குக் கண்ணாடி மாற்றியது, இவ்வளவுதான் இருக்கும். நான் வெளியே வந்த இரவில் யாரிடம் போகலாம் என்று யோசித்தபோது அந்தச் செடிதான் நினைவுக்கு வந்தது.

மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவு நம்பிக்கைச் சுதந்திரத்தைச் சொல்லும்போதே, நம்பிக்கையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. எங்களில் சிலர் வெளியே வந்த பிறகும் இறைநம்பிக்கையோடு இருக்கிறோம், சிலர் இல்லை. இரண்டில் எதையும் திருத்த முயலாதீர்கள்.

அடுத்தது, எழுதக் கடினமானது. என் தங்கையை உள்ளே அழைத்துப் போனது நான்தான்.

அவளுக்கு அப்போது 19 வயது. நான் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. அவளுக்கு விருப்பம் இல்லை. நான் மூன்று மாதம் விடாமல் பேசிப் பேசி அழைத்துப் போனேன். மூடிய குழுக்களில் பாதிக்கப்பட்டவர், பாதிப்பு கொடுத்தவர் என்று இரண்டு வரிசை போட முடியாது. இன்னொருவரை உள்ளே கொண்டு வந்தவர்கள், பிள்ளைகளை அடித்தவர்கள், நண்பனைப் பற்றிப் பொறுப்பாளரிடம் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் உங்களிடம் வருவார்கள். நான் இதைச் சொன்னபோது என் முதல் ஆலோசகர் உடனே, "நீங்களும் பாதிக்கப்பட்டவர்தான், அது உங்க தப்பு இல்லை" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். ஆனால் எனக்கு அது வாயை மூடியது போல இருந்தது. எதையும் நீ உணர வேண்டியதில்லை என்று உள்ளேயும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் செயலில் எனக்கு எவ்வளவு பங்கு, அவர்கள் பிடிக்கு எவ்வளவு பங்கு என்று நானே எடைபோட்டுப் பார்க்கிறேன். எத்தனை ஆண்டு ஆனாலும் சரி. தராசை மட்டும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

"எப்படிப் போய் மாட்டினீங்க" என்ற கேள்வியின் கொடூரம் பெரிய அளவில் எப்படி இருக்கும் என்பதை ஜோன்ஸ்டவுன் காட்டியது. அது ஜிம் ஜோன்ஸ் என்பவரின் மதக் குழு கயானா நாட்டுக் காட்டில் அமைத்த குடியிருப்பு. 1978 நவம்பர் 18 அன்று, அவர் விஷம் கலந்த பானத்தைக் குடிக்கச் சொன்னதில், அங்கே 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கைக்குழந்தைகளின் வாயில் விஷத்தை ஊசிக்குழாயால் செலுத்தினார்கள். பிழைத்தவர்களில் கூடைப்பந்தாட்டத்துக்காக அன்று தலைநகருக்குப் போயிருந்த இளைஞர்களும் உண்டு. குடும்பம் மொத்தத்தையும் ஒரே நாளில் இழந்தவர்கள் ஊர் திரும்பினால், அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது அருவருப்பும் பயமும். ஆங்கிலத்தில் அந்தச் சாவின் பானத்தை வைத்து, எதையும் கண்ணை மூடி நம்புகிறவரை "கூல்-எய்ட் குடித்தவர்" என்று சொல்லும் ஒரு கேலிச் சொலவடையே பிறந்து, இன்றும் அலுவலகங்களில் சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிறது. குழந்தைகள் எதையும் நம்பிக் குடிக்கவில்லை.

குழந்தைகள் என்றதும் உள்ளேயே பிறந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் திரும்பிப் போக ஒரு பழைய நான் இருந்தாள்: பாட்டு பிடிக்கும், கோபம் வரும், கணக்கு வராது. அவர்களுக்கு அப்படி ஒருவர் கிடையாது. 22 வயதில் வெளியே வந்த ஒரு பையன் எங்களிடம், "எல்லாரும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பணும்னு சொல்றாங்க. எனக்கு அதுதான் பழைய வாழ்க்கை" என்றான். அவனுக்குத் தேவையானது மீட்பு என்று சொல்வதுகூடச் சரியில்லை, அவனுக்கு எல்லாமே முதல் தடவை. வங்கிக்கு எப்படிப் போவது, ஒருவர் நகைச்சுவையாகப் பேசுகிறாரா உண்மையாகப் பேசுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு கேட்கலாமா.

ஜப்பானில் இவர்களுக்கு "மதத்தின் இரண்டாம் தலைமுறை" என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் குரல் நாட்டின் காதில் விழ ஒரு கொலை தேவைப்பட்டது. 2022 ஜூலை 8-ல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டார். சுட்டவர், தன் தாய் ஒரு மத அமைப்புக்குப் பெரும் தொகையைக் கொடுத்துக் குடும்பத்தை நாசமாக்கினார் என்று சொன்னவர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, பயமுறுத்தியும் குழப்பியும் நன்கொடை பறிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதே மாதம் சுகாதார அமைச்சகம், மதம் காரணம் என்றாலும் குழந்தைக் கொடுமை கொடுமைதான், நரகத்துக்குப் போவாய் என்று மிரட்டிக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடங்கும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பே எத்தனையோ ஆண்டுகளாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சமூக நல அலுவலர்களே, உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியவை சில.

உங்கள் காப்பகங்களில் சேருவதற்கு வகைகள் வைத்திருக்கிறீர்கள்: குடும்ப வன்முறை, போதை, வீடின்மை, இயற்கைப் பேரிடர். எங்களை அடித்தது கணவர் இல்லை. போதைப் பழக்கம் இல்லை. காகிதத்தில் பார்த்தால் எங்களுக்கு ஒரு வீடும் இருக்கிறது, அதே குழுவின் முகவரியில். ஆகவே எந்த வகையிலும் பொருந்தாமல் வெளியே அனுப்பப்படுகிறோம். நான் உட்பட பலர், முதல் மாதத்தில் திரும்பி உள்ளேயே போய்விடலாம் என்று நினைத்தது நம்பிக்கையினால் இல்லை, படுக்க இடம் இல்லாததால். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வகையைச் சேர்ப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

சட்டத்திலும் இதே இடைவெளிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் கட்டுப்படுத்தி ஆளும் நடத்தை குற்றமாக்கப்பட்டது. ஆனால் அது துணைவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் இடையில் நடந்தால் மட்டும். அதே செயலை ஒரு தலைவர் நூறு பேருக்குச் செய்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. பிரான்சில் 2001 முதல், உளவியல் அடிமைத்தனத்தில் இருப்பவரின் பலவீனத்தைச் சுரண்டுவது குற்றம். 2024-ல் அந்த அடிமைத்தனத்தை உண்டாக்குவதையே குற்றமாக்கினார்கள். சட்டம் உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.

பிறகு காகிதங்கள். அடையாளச் சான்று பெரும்பாலும் குழுவின் அலமாரியில் இருக்கும். போய் வாங்கி வா என்று சொல்லாதீர்கள்; அந்த அலமாரிக்கு முன்னால்தான் எங்களை உட்கார வைத்துப் பேசுவார்கள். மாற்றுச் சான்று எடுக்க உடன் வருகிற ஒரே ஒரு அலுவலர், எங்களுக்குப் பத்து ஆலோசனை அமர்வுகளுக்குச் சமம். பல்லையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்களில் பலர் பல ஆண்டுகளாக மருத்துவரையே பார்க்காதவர்கள். வலியைப் பொறுப்பது பக்குவம் என்று பழக்கப்பட்டவர்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வோம்.

ஆறு அமர்வு, எட்டு அமர்வு என்று கணக்கு வைக்காதீர்கள். முதல் எட்டு அமர்வு நீங்கள் சோதிக்கிறீர்களா இல்லையா என்று பார்ப்பதிலேயே போய்விடும்.

எங்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். ஆறு பேரில் தொடங்கியது. வெளியே வந்தவர்களோடு வெளியே வந்தவர்கள் பேசுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பாதி வாக்கியத்திலேயே புரிந்துவிடும். ஆனால் இதுவும் இன்னொரு குழுவாகிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு உங்களைவிட அதிகம். அதனால் தலைவர் இல்லை, கூட்டத்தை நடத்துவது வாராவாரம் மாறும், பணம் வசூல் இல்லை. வராமல் போனால் காரணம் கேட்பதில்லை என்று வைத்திருந்தோம். ஒருமுறை ஒருவர் மூன்று வாரம் வரவில்லை. கேட்டால் கண்காணிப்பாகிவிடும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் மருத்துவமனையில் இருந்திருக்கிறார், ஒருவர்கூடத் தேடவில்லையே என்று நினைத்துக்கொண்டு. இப்போது ஒரு செய்தி அனுப்புகிறோம், "நலமா?" என்று. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எது அக்கறை, எது பிடி என்று இப்படித் தடவித் தடவித்தான் கற்றுக்கொள்கிறோம். இத்தகைய கூட்டங்களுக்கு உங்களால் ஓர் அறை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். நடத்த வர வேண்டாம்.

முடிப்பதற்கு முன் அந்தப் படிவத்துக்கே திரும்ப வருகிறேன். அந்த வரியின் பக்கத்தில் இருக்கிற சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். காலியாக விட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு இப்போது 37 வயது. கைபேசியை மாற்றினேன், வீட்டை மூன்று முறை மாற்றினேன், எண்ணை மட்டும் மாற்றவில்லை. உள்ளே போவதற்கு முன்பே இருந்த எண் அது. 11 ஆண்டுகளும் அம்மா அதற்குப் பணம் கட்டி உயிரோடு வைத்திருந்தார். சின்ன வயதில் தங்கைக்கு அதை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஒருநாள் அவள் உங்கள் யாருடைய மேசைக்கு முன்னாலாவது வந்து உட்காரலாம். படித்தவளாகத் தெரிவாள், பணிவாகப் பேசுவாள், கேட்டதையெல்லாம் எழுதுவாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நிற்கும். என்னோடு பேசக்கூடாது என்று சொல்லப்பட்டவள் அவள். அந்தப் பெயரை எழுதலாமா என்று யோசிப்பாள். பின்னால் வரிசை நீளமாக இருக்கலாம், உங்களுக்கு நேரமும் ஆகியிருக்கலாம். கொஞ்சம் காத்திருங்கள். அவளுக்கு அந்த எண் தெரியும்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா